டவுன் ஹவுஸ்: டார்வின் எண்ணிப் பார்த்த வீடு

லண்டனில் பரிணாமம் பற்றி எதையாவது பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் இடம் சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது; மைய மண்டபத்தின் கூரையிலிருந்து 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது; மாடிப்படியில் டார்வினே சலவைக்கல் சிலையாக அமர்ந்திருக்கிறார். டவுன் ஹவுஸில் இவை எதுவும் இல்லை. லண்டனின் தென்கிழக்கு விளிம்பில், கென்ட் நாட்டுப்புறத்தின் சாயல் இன்னும் மாறாத டவுன் (Downe) என்னும் சிற்றூரில், சார்லஸ் டார்வின் 1842 முதல் 1882இல் இறக்கும்வரை குடும்பத்துடன் வாழ்ந்த வீடு அது. இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு அதைப் பராமரித்து, கட்டணம் பெற்றுக்கொண்டு பார்வையாளர்களை அனுமதிக்கிறது. போகலாமா என்று கேட்டால் அவசியம் போக வேண்டும் என்பதே என் விடை. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பிரம்மாண்டமான காட்சிகளை எதிர்பார்த்துப் போகிறவர் அரை மணி நேரத்தில் சலித்துத் திரும்பிவிடுவார். ஒரு கோட்பாடு எந்தெந்தச் சில்லறை வேலைகளால் நிமிர்ந்து நின்றது என்று பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு பகல் முழுவதும் போதாது.

பரிணாமக் கோட்பாட்டின் பிறப்பைப் பற்றி நாம் பள்ளியில் கேட்ட கதை ஏறக்குறைய ஒன்றுதான்: இளைஞர் ஒருவர் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார், கலாபகஸ் தீவுகளில் குருவிகளின் அலகுகளைப் பார்த்தார், உடனே உண்மை புலப்பட்டது. நடந்தது அப்படியன்று. 1831 டிசம்பரில் தொடங்கி 1836 அக்டோபரில் முடிந்த அந்தப் பயணத்தில் கலாபகஸில் அவர் இருந்தது சுமார் ஐந்து வாரம். பிடித்த குருவிகளுள் எது எந்தத் தீவுக்குரியது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று 1837இல் லண்டனில் எடுத்துச் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன என்னும் கருத்து, பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையை 1838இல் படித்தபோது அவருக்குத் தோன்றியது. அப்போதும் அவர் லண்டனில்தான் இருந்தார். டவுனுக்குக் குடிவந்த பிறகு, 1844இல், அந்தக் கருத்தைச் சுமார் 230 பக்கங்களில் எழுதிவைத்தார். தாம் திடீரென இறந்துவிட்டால் அதை வெளியிட ஏற்பாடு செய்யும்படி மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதிவைத்தார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வெளியிடவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளும், உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் 1859இல் வந்தபின் அவர் உயிரோடிருந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் எப்படிக் கழிந்தன என்பதற்கான சான்றுதான் இந்த வீடும் தோட்டமும். கலாபகஸுக்குப் போய்வர வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்த வேலையின் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது.

புரோம்லி சவுத் ரயில் நிலையத்திலிருந்து 146ஆம் எண் பேருந்து டவுன் ஊருக்குள்ளேயே வருகிறது. ஆர்பிங்டனிலிருந்து ஆர்8 பேருந்தும் உண்டு. இரண்டும் லண்டன் மாநகரப் பேருந்துகள் என்பதால் ஆய்ஸ்டர் அட்டையே போதும். ஆனால் நகருக்குள் ஓடும் பேருந்துகளைப் போல இவை அடுத்தடுத்து வருவதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். ஊர் நடுவிலிருந்து வீட்டுக்குப் போகும் சாலை குறுகலானது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது. சாலையிலிருந்து பார்த்தால் வீடு எதிர்பார்ப்பதைவிட உயரமாகத் தெரியும். அதற்குக் காரணமும் டார்வின்தான். போவோர் வருவோரின் பார்வை வீட்டுக்குள் விழுகிறது என்று சாலையையே சுமார் இரண்டடி தாழ்த்தியவர் அவர்.

பெரும்பாலானோர் வீட்டைப் பார்த்துவிட்டு, நேரம் மீந்தால் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மழை இல்லையென்றால் முதலில் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் டவுன் ஹவுஸின் உண்மையான காட்சிக்கூடம் தோட்டம்தான், அறைகள் அதற்குப் பின்னிணைப்பு.

புல்வெளியையும் பாத்திகளையும் முதல் பார்வையில் சாதாரண ஆங்கிலத் தோட்டம் என்று கடந்துவிடத் தோன்றும். 1857இல் இங்கே மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, அதில் தானாக முளைத்த ஒவ்வொரு களைச்செடியையும் டார்வின் அடையாளமிட்டு எண்ணினார். முளைத்தவை 357, அவற்றுள் 295 அழிந்தன, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளாலும் பூச்சிகளாலும். இன்னொரு மூலையில், வழக்கமாக வெட்டப்பட்டு வந்த புல்தரையில் மூன்றடிக்கு நான்கடி இடத்தை மட்டும் வெட்டாமல் வளரவிட்டார்; அங்கிருந்த இருபது வகைச் செடிகளுள் ஒன்பது, வலுவான மற்றவை ஓங்கி வளர்ந்ததால் மடிந்தன. இயற்கையில் வாழ்வுக்கான போட்டி என்றதும் புலியும் மானும் நினைவுக்கு வருவது நம் வழக்கம். டார்வின் தம் நூலில் அந்தப் போட்டியைக் காட்ட எடுத்துக்கொண்ட சான்றுகளுள் இவ்விரண்டும் உண்டு: ஒரு கட்டில் அளவுகூட இல்லாத நிலத்தில், யாரும் கவனிக்காத களைகளுக்குள் நடந்த சாவுகள். இத்தகைய சோதனைகளில் சிலவற்றைத் தோட்டத்தில் மீண்டும் அமைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சிறு சதுரத்தின் அருகே குனிந்து நின்று, எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று நாமே எண்ணிப் பார்த்தால், பத்தைத் தாண்டுவதற்குள் முதுகு வலிக்கும். 1855இல் டார்வின், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் துணையோடு, பக்கத்து மேய்ச்சல் நிலம் ஒன்றில் 142 வகைத் தாவரங்களைக் கணக்கெடுத்தார் என்பதன் அருமை அப்போதுதான் புரிகிறது.

மண்புழுக்களின் கதையும் இங்கே தொடங்குவதுதான். குடிவந்த அதே 1842ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வீட்டருகே உள்ள ஒரு வயலின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக்கற்களைப் பரப்பிவைத்தார்கள். 29 ஆண்டுகள் கழித்து, 1871 நவம்பர் இறுதியில், அதே இடத்தில் ஒரு பள்ளம் வெட்டிப் பார்த்தார் டார்வின். பள்ளத்தின் இருபுறச் சுவரிலும், மேற்பரப்புக்கு ஏழு அங்குலம் கீழே, வெள்ளைக் கற்கள் ஒரே கோடாக ஓடின. கற்கள் தாமாகக் கீழே இறங்கவில்லை. மண்புழுக்கள் அடிமண்ணை விழுங்கி மேலே கொண்டுவந்து தள்ளித் தள்ளி அவற்றைப் புதைத்துவிட்டன. ஆண்டுக்கு 0.22 அங்குலம் என்று கணக்குப் போட்டார். ஒரு சோதனையின் விடைக்காக 29 ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய மனம்தான், இனங்கள் மாறுவதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று தயங்காமல் நினைத்திருக்க முடியும். மண்ணில் பதிந்து கிடக்கும் புழுக்கல்லை, அதாவது மண்புழுக்களால் ஒரு கல் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பதற்காக வைத்த வட்டக் கல்லை, பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்; தேடிப் பார்க்க வேண்டிய பொருள் அது.

தோட்டத்தின் கோடியில் சேண்ட்வாக் என்னும் நடைபாதை இருக்கிறது. பக்கத்து நில உரிமையாளரான லப்பக் குடும்பத்திடமிருந்து 1846இல் குத்தகைக்கு வாங்கிய ஒடுக்கமான நிலத்தில், டார்வினே மரங்களை நட்டு அமைத்த பாதை. ஒவ்வொரு நாளும் இதைச் சுற்றி வருவது அவர் வழக்கம்; சுற்றுக்கணக்கு தவறாமலிருக்கப் பாதையோரம் சில சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கிவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைத் தட்டிவிடுவார் என்பார்கள். ஒரு பக்கம் திறந்த வெளி, மறுபக்கம் மரநிழல். அறிவிப்புப் பலகைகளைக் குவிக்காமல் இந்தப் பாதையை இப்படியே விட்டுவைத்திருப்பது பராமரிப்பாளர்களின் நல்ல ரசனைக்குச் சான்று. மழைக்குப் பின் சேறாகும் என்பதால் அதற்கேற்ற காலணியோடு போவது நல்லது.

சமையலறைத் தோட்டத்தை ஒட்டிய கண்ணாடிக் குடில்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் இடம். இங்கே பூச்சியுண்ணும் தாவரங்களும் ஆர்க்கிட்களும் வளர்க்கப்படுகின்றன. நம் ஊர்ச் சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று வழங்கும் செடியின் இனத்தைச் சேர்ந்த டிரோசெராவை டார்வின் ஆராய்ந்த விதம் வேடிக்கையானது. பச்சை இறைச்சி, முட்டை வெள்ளைக்கரு, பால், சிறுநீர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதன் இலையில் வைத்து, எதற்கு அது மடிகிறது, எதற்கு மடியவில்லை என்று பார்த்தார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையுள்ள மயிர்த்துணுக்கைக்கூட அதன் ரோமங்கள் உணர்ந்து அசைந்தன. உலகத்து இனங்கள் அனைத்தின் தோற்றத்தையும்விட டிரோசெராவின் மீதே தமக்கு இப்போது அக்கறை என்று 1860இல் நிலவியலாளரான நண்பர் லயலுக்கு எழுதினார். அப்போது உலகமே அவருடைய புத்தகத்தைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தது.

ஆர்க்கிட்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மடகாஸ்கரிலிருந்து வந்த வெள்ளை ஆர்க்கிட் ஒன்றின் தேன்குழல் ஏறத்தாழ ஓர் அடி நீளம் இருப்பதைக் கண்ட டார்வின், அந்தத் தேனை எட்டும் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று 1862இல் எழுதினார். அப்படியொரு பூச்சியை அன்றுவரை எவரும் கண்டதில்லை. எள்ளி நகையாடியவர்களும் உண்டு. அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின், 1903இல், அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. பரிணாமக் கோட்பாடு பழையதை விளக்குவதோடு சரி, வரப்போவதை முன்கூட்டிச் சொல்ல வல்லதன்று என்று வாதிடுகிறவர்களை அழைத்துவந்து நிறுத்த வேண்டிய இடம் இந்தக் குடில்.

வீட்டுக்குள் கீழ்த்தளத்து அறைகள் டார்வின் குடும்பம் வாழ்ந்த காலத்தில் இருந்தது போலவே அமைக்கப்பட்டிருக்கின்றன. மேசை நாற்காலிகளில் பல அந்தக் குடும்பத்தின் உண்மையான உடைமைகள். பொருட்களுக்கு அருகே விளக்கப் பலகைகளைக் குவிக்காமல் வீடு வீடாகவே இருக்க விட்டிருப்பதால், டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த ஒலிவழிகாட்டியைக் கையில் வாங்கிக்கொள்வது அவசியம். அது இல்லாமல் சுற்றினால் பழைய பணக்கார வீடு ஒன்றைப் பார்த்த நினைவு மட்டுமே மிஞ்சும்.

படிப்பறையில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கால்களில் சக்கரம் பூட்டிய உயரமான நாற்காலி. அதன் கைகளின் மேல் குறுக்கே வைத்து எழுதத் துணி ஒட்டிய பலகை. சன்னலோரம் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கும் இடம். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் எழுதப்பட்டது இந்த நாற்காலியில்தான் என்று எல்லோரும் அதன் முன் கூடுகிறார்கள். எனக்கு இந்த அறையில் முக்கியமாகத் தோன்றியது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பை. ஒரு பிப்ரவரி மாதத்தில் சிறு குளம் ஒன்றின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேற்றை எடுத்துவந்தார் டார்வின். காய்ந்தபின் அதன் எடை ஆறே முக்கால் அவுன்ஸ். காலையுணவுக் கோப்பை ஒன்றுக்குள் அடங்கிவிடும். அதை மூடிப் படிப்பறையில் ஆறு மாதம் வைத்திருந்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537. ஒரு நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சிறிது சேறே ஒரு தீவுக்குப் பல வகைத் தாவரங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டுமா? இன்னொரு முறை, செங்கால் கௌதாரி ஒன்றின் காலில் ஒட்டியிருந்த மண்ணுருண்டையை உடைத்து நீர் ஊற்றிவைத்ததில் 82 செடிகள் முளைத்தன.

விதைகளை உப்புநீரில் ஊறப்போட்ட சோதனையும் இதே வகை. கடல்நீரில் விதை செத்துப்போகும் என்பது தாவரவியலாளர் ஹூக்கரின் எண்ணம். தெரிந்துகொள்ள ஒரே வழி போட்டுப் பார்ப்பதுதான் என்று டார்வின் உப்புநீர்ப் புட்டிகளில் 87 வகை விதைகளைப் போட்டு 28 நாட்கள் வைத்தார். 64 வகைகள் முளைத்தன. அப்பா ஹூக்கரை வென்றுவிடுவாரா என்று பிள்ளைகள் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒவ்வொரு தீவிலும் ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்ற பழைய விளக்கம் தேவையில்லை என்று காட்ட, விதைகள் கடலைத் தாண்டும் என்று காட்டினால் போதும். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை புட்டி, உப்பு, பொறுமை. இதற்கு முன் எட்டு ஆண்டுகள், 1846 முதல் 1854 வரை, இதே அறையில், கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளை அறுத்து ஆராய்ந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்று பக்கத்து வீட்டாரைப் பற்றி, அவர் தம் கொட்டலசு வேலையை எங்கே செய்கிறார் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் தொழில் என்பது குழந்தையின் நினைப்பு.

வரவேற்பறையில் எம்மாவின் பியானோ இருக்கிறது. முதுமையில் டார்வின் மண்புழுக்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று சோதித்தார், மகன் பாசூன் வாசித்தார், அருகே பியானோவும் ஒலித்தது, புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் வளைக்குள் ஓடின. ஓசை கேட்பதில்லை, அதிர்வு தெரிகிறது என்று முடிவு கட்டினார். இதை அறிந்தபின் அந்தப் பியானோவை வெறும் அறைக்கலனாகப் பார்க்க முடிவதில்லை. இரவில் கணவனும் மனைவியும் பேக்கேமன் ஆடுவார்கள். அதற்கும் கணக்கு உண்டு. எம்மா வென்றது 2,490 ஆட்டம், தாம் வென்றது 2,795 ஆட்டம் என்று 1876இல் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதி மகிழ்ந்திருக்கிறார். களைச்செடியை எண்ணியவர் இதை மட்டும் விட்டுவிடுவாரா?

1858 ஜூன் மாதம் இந்த வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பற்றி ஒலிவழிகாட்டி சொல்லும் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். இன்றைய இந்தோனேசியாவின் தெர்னாத்தே தீவிலிருந்து ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரையில், டார்வின் இருபது ஆண்டுகளாகக் கட்டிவந்த கோட்பாடே சுருக்கமாக இருந்தது. அடுத்த சில நாட்களில் அவருடைய கடைக்குட்டி மகன், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை, செந்நச்சுக் காய்ச்சலில் ஜூன் 28 அன்று இறந்தான். ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் கழகத்தில் டார்வின், வாலஸ் இருவரின் எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. வாலஸோ உலகின் மறுகோடியில் இருந்தார். வாசிக்கப்போகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு நவம்பர் 24 அன்று நூல் வெளிவந்தது.

மாடியில் இருப்பது காட்சிக்கூடம்: பீகிள் கப்பலில் டார்வின் தங்கியிருந்த அறையின் மாதிரி, பயணக் குறிப்புகள், கோட்பாட்டுக்கு எழுந்த எதிர்ப்புகள், குடும்ப வாழ்வு. சுத்தமாகவும் தெளிவாகவும் அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் கீழ்த்தளத்துக்கும் தோட்டத்துக்கும் இருக்கும் உயிர்ப்பு இங்கே குறைவு என்பதே என் மதிப்பீடு. கப்பல் கதையை எந்த அருங்காட்சியகத்திலும் சொல்லிவிடலாம், சேற்றுக் கோப்பையின் கதையை இந்த வீட்டில் மட்டுமே சொல்ல முடியும். புறாக்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்றும் தோன்றியது. 1855 முதல் டார்வின் இங்கே விதவிதமான வளர்ப்புப் புறாக்களை வைத்திருந்தார். புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து அவர்களோடு பழகினார். விசிறிவால் புறாவும், கழுத்தை ஊதிக்கொள்ளும் புறாவும், குட்டிக்கரணம் போடும் புறாவும் எல்லாமே ஒரே மாடப்புறாவிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை என்பதே அவருடைய நூலின் முதல் அதிகாரத்தின் உயிர்நாடி. அந்த ஆராய்ச்சிக்கு நம் பக்கத்திலிருந்தும் உதவி போயிருக்கிறது: சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் புறாத் தோல்களை அனுப்பிவைத்தார், டார்வின் தம் நூலில் அவர் பெயரைக் குறிப்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறார்.

பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் விடை கிடைக்காது. அது வீட்டின் குறையன்று. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்த விதத்தை விளக்கிய டார்வின், முதல் உயிர் வந்த விதத்தைத் தம் நூலில் விளக்க முற்படவில்லை. தொடக்கத்தில் ஒரு சில வடிவங்களிலோ ஒன்றிலோ உயிர் ஊதப்பட்டது என்று நூலின் இறுதி வாக்கியத்தில் எழுதினார். 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில் படைத்தவனால் என்ற சொல்லையும் சேர்த்தார். சேர்த்ததற்காகப் பின்னர் வருந்தினார். ஆனால் 1871இல் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அம்மோனியாவும் பாஸ்பரஸ் உப்புகளும் கலந்த ஒரு வெதுவெதுப்பான சிறு குட்டையில், ஒளியும் வெப்பமும் மின்சாரமும் பட்டுப் புரதச் சேர்மம் ஒன்று உருவாகியிருந்தால் என்று போகிறபோக்கில் ஓர் ஊகத்தை வைத்தார். இன்று அப்படி ஒன்று உருவானால் ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் உடனே அதைத் தின்றுவிடும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். உயிர் இப்போது ஏன் புதிதாகத் தோன்றுவதில்லை என்று இன்றும் கேட்கப்படும் கேள்விக்கு அதுவே போதுமான விடை. 1924இல் ரஷ்ய உயிர்வேதியியலாளர் ஓபாரினும் 1929இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேனும் அந்த ஊகத்தை வேதியியலாக விரித்தார்கள். ஹால்டேன் பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் நீர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். அமினோ அமிலத்திலிருந்து தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் ஓர் உயிருக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பது இன்றும் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலை. இந்தத் தொடர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் டவுன் ஹவுஸ் இன்னும் சுவைக்கும்.

காலத்தைப் பற்றிய கேள்விக்கோ இந்த இடத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. வீடு நிற்பது பண்டைக் கடலில் நுண்ணுயிரிகளின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணப் பாறையின் மேல். தெற்கே வீல்டு என்னும் பள்ளத்தாக்குப் பகுதியில் அந்தப் பாறை அரிக்கப்பட்டுப் போயிருக்கிறது. நூற்றாண்டுக்கு ஓர் அங்குலம் என்ற வீதத்தில் அந்த அரிப்புக்கு 30 கோடியே 66 லட்சத்து 62 ஆயிரத்து 400 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று முதல் பதிப்பில் கணக்கிட்டார் டார்வின். கணக்குக்குக் கடும் கண்டனம் எழுந்தது. மூன்றாம் பதிப்பில் நீக்கிவிட்டார். பூமி குளிர்ந்த வேகத்தைக் கொண்டு அதன் வயதைக் கணித்த இயற்பியலாளர் கெல்வின், பரிணாமத்துக்கு வேண்டிய அளவு காலமே இருந்ததில்லை என்று பல ஆண்டுகள் அவரைத் தொல்லைப்படுத்தினார். வீல்டு பற்றிய டார்வினின் எண் தவறுதான். ஆனால் காலம் மிக நீண்டது என்ற அவருடைய நம்பிக்கை சரி. கதிரியக்கத்தின் துணையால் இன்று நாம் அறிந்துள்ள பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். பரவலாக ஏற்கப்படும் உயிரின் மிகப் பழைய தடயங்கள் ஆஸ்திரேலியாவின் பில்பராப் பாறைகளில் சுமார் 350 கோடி ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கின்றன.

இனி நடைமுறைச் செய்திகள். பழைய சமையலறைப் பகுதியில் தேநீர்க் கடை இருக்கிறது. தேநீரும் கேக்கும் கிடைக்கும், நம்மவர்கள் மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, முக்கியமாக எதையாவது எண்ணியும் பொறுக்கியும் சேர்த்தும் திரிகிற பிள்ளைகளுக்கு, இந்த வீடு பிடிக்கும்; மிகச் சிறியவர்களுக்குத் தோட்டம் மட்டும் போதும். உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், லண்டனில் மகன் மகள் வீட்டுக்கு வந்து பகல் பொழுதைக் கழிக்க வழி தேடும் பெற்றோர் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். லண்டனில் ஒரே ஒரு நாள் மட்டும் இருக்கிறவர் சவுத் கென்சிங்டனுக்கே போகட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை உள்ள மாதங்களே சிறந்தவை. புல்லும் களையும் பூவும் இல்லாத காலத்தில் போனால் மேலே சொன்னவற்றில் பாதியைப் பார்க்க முடியாது, குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்களும் குறைவு என்பதால் கிளம்பும் முன் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்காக மட்டும் கட்டணம் கொடுப்பது கூடுதலாகத் தோன்றினால், ஸ்டோன்ஹெஞ்ச், டோவர் கோட்டை போன்றவற்றையும் அதே பயணத்தில் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கிலிஷ் ஹெரிடேஜ் தரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான அனுமதி அட்டையை வாங்கிக்கொள்ளலாம். அது இந்த வீட்டுக்கும் செல்லும்.